அட்டையில் ஒன்பது ஓட்டை

9 ஜூன், திங்கள்

தம்பிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்று மனம் வரவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் என் இடது காது போனது உனக்குத் தெரியும், உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? வலது காதிலும் இப்போது பாதிதான் விழுகிறது. தவிர, பிடிக்காததைச் சொன்னால் நீ "சிக்னல் இல்லைக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

சனிக்கிழமை வகுப்பில் ஒரு தோட்டா காணாமல் போய்விட்டது. உன் மகள்தான் எடுத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

குதிக்காதே. முழுதும் படி. எங்கள் ரைஃபிள் கிளப்பில் பிள்ளைகள் வகுப்பை நான் எப்படி நடத்துகிறேன் என்று உனக்குத் தெரியாது, நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. பன்னிரண்டு பிள்ளைகள். முதல் ஆறு வாரம் தோட்டாவைக் கண்ணில் காட்ட மாட்டேன். துப்பாக்கியை எப்படித் தூக்குவது, எப்படி வைப்பது, குழல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், விசைக்கு வெளியே விரலை எப்படி நீட்டி வைப்பது, இவ்வளவுதான். கொடுப்பவர், தோட்டா போடும் இடத்தை மூடும் போல்ட்டைத் திறந்து காட்டி "காலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாங்குபவர் உள்ளே எட்டிப் பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவி, "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். "பார்த்தேன்" கேட்காமல் கொடுப்பவர் கையை எடுக்கக் கூடாது. செயலாளருக்கே இந்த விதிதான். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே விரலை விடுவார்.

ஏழாவது வாரம் ஆளுக்குப் பத்துத் தோட்டா எண்ணிக் கொடுப்பேன். சுட்டு முடித்ததும் மிஞ்சும் பத்துப் பித்தளைக் கூடும் என் தட்டுக்குத் திரும்பி வர வேண்டும். சுடாதது இருந்தால் தோட்டாவாகவே வர வேண்டும். பதினோரு பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தது. உன் மகளிடம் ஒன்பது கூடு. சரி, கூடு எங்காவது உருண்டிருக்கும் என்று அவள் சுட்ட குறி அட்டையில் ஓட்டைகளை எண்ணினேன். அதிலும் ஒன்பது ஓட்டைதான். குறி தப்பியிருந்தால் அட்டைக்குப் பின்னால் ஒட்டிய பெரிய தாளில் விழுந்திருக்கும். அதில் ஒன்றும் இல்லை. ஆக, ஒன்பதைச் சுட்டிருக்கிறாள், பத்தாவதைச் சுடவில்லை. அது எங்கே?

"பத்தும் சுட்டேன் அத்தை" என்கிறாள். எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி வைத்துச் சோதித்தேன். அவளுடைய பை, காலணி, காலுறை, கூந்தல் எல்லாம் பார்த்தேன். என் பழைய ஜாக்கெட்டைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். கை நீளம் என்று நானே மடித்து, ஆளுக்கேற்ற மாதிரித் தையல் போட்டுக் கொடுத்தது. அந்த ஜாக்கெட்டின் நான்கு பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தாயிற்று. எங்கள் விதிப்படி வகுப்பின் முன்னால் நிறுத்தி, "என் தோட்டாவுக்கு நான் கணக்குக் கொடுக்கவில்லை" என்று சொல்ல வைத்தேன். சொன்னாள். என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாதக் கடைசி வரைதான் செயலாளர் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் கிடைக்காவிட்டால் பெயரோடு போலீசுக்கு எழுத வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பெண்ணின் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ கேட்டால் கொடுத்துவிடுவாள். கேள்.

அக்கா


14 ஜூன்

அக்கா,

நானும் அன்புள்ளவை விட்டுவிட்டேன். சரிக்குச் சரி.

என் வாலுவிடம் கேட்டேன். உடனே போன் செய்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பத்தும் சுட்டேன்பா. அத்தை நம்ப மாட்டேங்கிறாங்க. என் ஜடையைப் பிரிச்சுப் பார்த்தாங்கப்பா, எல்லார் முன்னாலயும்" என்றாள். அழவில்லை. என் மகள் அழாமல் பேசினால் உண்மை பேசுகிறாள் என்று அர்த்தம், பொய் சொல்லும்போதுதான் கண்ணீர் குழாயைத் திறப்பாள். பத்து மாதமாக உன் வீட்டில் இருக்கிறாள், இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு வேலை மாறியபோது பள்ளியை மாற்ற வேண்டாம் என்று நீதானே அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டாய்? அப்போது "என் பெண் மாதிரி" என்றாய். இந்தக் கடிதத்தில் இரண்டு தடவை "உன் மகள்" என்று எழுதியிருக்கிறாய், ஒரு தடவைகூட அவள் பெயரை எழுதவில்லை. எண்ணினேன். எண்ணுவது உனக்கு மட்டும் வருமா?

நான் நேராகக் கேட்கிறேன். காணாமல் போனது வேறு பிள்ளையின் தோட்டாவாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வந்திருப்பாயா? என்னவோ இருபத்தெட்டு வருஷமாக நீ காத்திருந்த மாதிரி இருக்கிறது. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டுத்தான் கூடுகளை எண்ண உட்கார்ந்தாயோ?

பழைய கதையை நீ ஜாடையாகத் தொட்டிருக்கிறாய், நான் முழுதாகவே சொல்கிறேன். எனக்குப் பதிமூன்று, உனக்குப் பதினேழு. அப்பா மில் காவலுக்குக் கொண்டுபோகும் ஒற்றைக் குழல் துப்பாக்கியை அன்று காலை துடைத்தார். மடக்கித் திறந்து என் கண்ணுக்கு நேரே பிடித்து, "தெரியுதாடா?" என்றார். குழலின் மறுபக்கம் ஜன்னல் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. காலி. ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் வீரன் மாதிரி நின்றேன். நீ பக்கத்தில் வந்து நின்றாய். "காலிதான்கா" என்றேன். கண்ணாடி நொறுங்கியது, உன் காது போனது. நான் ஹாஸ்டலுக்குப் போனேன். வெளிச்சம் தெரிந்தது என்று அன்றைக்கும் சொன்னேன், அப்புறமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு நானே நம்பவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு நாலு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரி, "பூட்டு கையோடு வந்துடப் போகுது" என்று சிரிக்கிறாள். அவளுக்கு விஷயம் தெரியாது.

இதெல்லாம் என்னோடு போகட்டும். அவள் தலையில் கட்டாதே.

அந்த அட்டையை எனக்கு அனுப்பு. நசுங்காமல் இரண்டு கனமான அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு.

தம்பி


18 ஜூன்

தம்பி,

அட்டையை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யப்போகிறாய், பூதக்கண்ணாடி வைத்து ஜோசியம் பார்ப்பாயா? மகளுக்கு வக்காலத்து வாங்குவது உன் உரிமை. ஆனால் நூறு பிள்ளைகளுக்கு மேல் என் கையில் பழகியிருக்கிறார்கள். இதுவரை ஒரு தோட்டா தப்பியதில்லை, ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

நீ இல்லாத இடத்தில் நடப்பதையும் தெரிந்துகொள். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிடுகிறாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுகிறாள். கல்லுளிமங்கி. நான் வலது காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். சிரிக்காதே, என்னிடம் இருப்பது அந்தக் காதுதான். உள்ளே ஏதோ தகர டப்பா திறந்து மூடுகிற சத்தம். அவள் பள்ளிக்குப் போனதும் அந்த டப்பாவைத் தேடி எடுத்துத் திறந்தேன். ஹேர்பின், தீர்ந்துபோன பேனா, காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான்கள் எட்டு ஜோடி. வேறு ஒன்றும் இல்லை. இல்லை என்பதாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு பத்திரமாக ஒளிக்கிறவள் வேறு எங்கே வைத்திருப்பாள்?

டப்பாவை அதே இடத்தில்தான் வைத்தேன். சாயங்காலம் வந்து, "அத்தை, மூடியைத் திருப்பி வெச்சிருக்கீங்க. பூப்போட்ட பக்கம் செவுத்தைப் பார்த்து இருக்கும்" என்றாள். அவளும் என்னைக் கண்காணிக்கிறாள்.

ஒரே வீட்டில் இரண்டு போலீஸ், திருடனைத்தான் காணவில்லை. இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. கிளப்புக்குப் போனால் செயலாளர் என் பையையும் ஒரு பார்வை பார்க்கிறார்.

பழைய கதையைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை.

அக்கா


23 ஜூன்

அக்கா,

கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படி.

என் தொழில் என்ன? மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவன். அரை மில்லி தப்பினால் வாடிக்கையாளர் தலைவலியோடு திரும்பி வந்து என் தலையை உருட்டுவார். உன் அட்டையை என் மேஜையில் விளக்குக்கு அடியில் வைத்து ஒன்பது ஓட்டைகளையும் அளந்தேன். எட்டு ஓட்டைகள் அச்சில் வார்த்த மாதிரி வட்டம். எந்தப் பக்கம் அளந்தாலும் ஐந்தே கால் மில்லி.

ஒன்பதாவது, நடுப்புள்ளிக்கு வலப்பக்கம் கீழே இருப்பது, அகலத்தில் ஐந்தே கால். நீளத்தில் ஆறு. தோட்டா துளைத்த இடத்தைச் சுற்றி ஒரு கரிய வளையம் இருக்கிறதே, மற்ற எட்டிலும் ஒன்று. இதில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று லேசாக விலகி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் என்னோடு இருப்பவரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். "ரெண்டு தடவை குத்தியிருக்காங்க" என்றார்.

ஒரே ஓட்டையில் இரண்டு தோட்டா போயிருக்கிறது. பத்தும் சுட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் பத்தாவது கூடு உன் இடத்தில்தான் எங்கோ கிடக்கிறது. தேடு. என் மகளின் ஜடையில் தேடியது போதும்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. நீ எத்தனை வருஷமாக அட்டை பார்க்கிறவள்! ஒரே துளையில் இரண்டு விழும் என்பது எனக்கே தெரிகிறது, உனக்கு ஏன் தோன்றவில்லை? நெஞ்சைத் தொட்டுச் சொல். அவள் அவ்வளவு நன்றாகச் சுடுவாள் என்பதைவிட அவள் திருடுவாள் என்பது உனக்கு எப்படி அவ்வளவு சுலபமாக இருந்தது?

தம்பி


26 ஜூன், வியாழன்

தம்பி,

எனக்குக் காதில் பூ சுற்றாதே. கேட்காத காது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

அட்டை உன் கையில் இரண்டு மூன்று நாள் இருந்திருக்கிறது. காகித ஓட்டையை ஊசியால் முக்கால் மில்லி நீட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் அனுப்புவதற்கு முன் அளக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ செய்தாய் என்று சொல்லவில்லை. செய்திருக்க முடியும் என்கிறேன். செயலாளரும் இதைத்தான் கேட்பார். ஏழு வாரம் பழகிய பெண், முதல் நாள், இருபத்தைந்து மீட்டரில் ஒரே ஓட்டையில் இரண்டு? எனக்கே அது அபூர்வமாகத்தான் விழுகிறது.

ஆனாலும் நீ சொன்னதற்காக நேற்று சுடுகிற ரேஞ்சுக்குப் போனேன். அவள் குப்புறப் படுத்திருந்த பாயைத் தூக்கி உதறினேன். தரைப் பலகைகளின் இடுக்கில் கத்தியை விட்டுக் கிளறினேன். மண்ணைச் சல்லடையில் சலித்தேன். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைகளின் பாய்களையும் விடவில்லை. கிடைத்தது இரண்டு பொத்தான், ஒரு பென்சில் துண்டு.

திரும்பி வந்தபோது மேஜையில் சீட்டு இருந்தது. "அப்பாவிடம் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ். ஜாக்கெட்டைத் துவைத்து மாட்டியிருக்கிறேன்." அவ்வளவுதான். அத்தை என்றுகூட எழுதவில்லை.

அவள் போவதற்குள் கொடுத்துவிடட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை நான்தான் எழுதியாக வேண்டும். சொந்தக்காரப் பெண் என்று மறைத்தால் நாளைக்கு எந்தப் பெற்றோர் தம் பிள்ளையை என்னிடம் விடுவார்கள்? அதைவிட, அந்தத் தோட்டா எங்கோ ஒரு பென்சில் டப்பாவில் கிடந்து, எந்தப் பிள்ளையாவது அதைச் சுத்தியால் தட்டிப் பார்த்தால்?

நீயும் அன்றைக்கு "காலி" என்றுதான் சொன்னாய்.

அக்கா


28 ஜூன், சனி

தம்பி,

முந்தைய கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்காது. வந்தாலும் இதையே முதலில் படி.

கூடு கிடைத்துவிட்டது.

நேற்று சாயங்காலம் அந்த ஜாக்கெட்டை எடுத்தேன். இனி வேறு பிள்ளைக்குத்தானே என்று, கையின் மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தேன். வலது கையில் முதல் தையலை வெட்டினேன். இரண்டாவதை வெட்டியதும் என் மடியில் பித்தளைக் கூடு விழுந்தது. நான் மடிப்பைச் சுற்றிலும் தைத்திருந்தால் அது உள்ளே போயிருக்காது. சோம்பேறித்தனமாக இரண்டே இடத்தில் தைத்திருந்தேன். போல்ட்டை இழுத்தபோது தெறித்த கூடு அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. துவைத்தும் விழவில்லை. நான்கு பைகளையும் இழுத்துப் பார்த்தவள், என் கையால் தைத்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை.

அது சுட்ட கூடு. அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய தழும்பு தெளிவாக இருக்கிறது. உன் அளவு சரி. உன் மேல் ஊசிப் பழி போட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

அவள் கதவைத் தட்டி, கூட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். வாலு அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லார் முன்னாலயும்தானே என்னை நிக்க வெச்சீங்க?" என்றாள்.

இன்று காலை வகுப்பின் முன்னால் நின்றேன். செயலாளரும் இருந்தார். வாலு பெட்டியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "அவ பத்தும் சுட்டா. பத்தாவது, ஒன்பதாவது போன வழியிலயே போயிருக்கு. எனக்கு அதை நம்ப மனசு வரலை" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பொடிப் பெண் கையைத் தூக்கி, "ஏன் மேடம் நம்பலை?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே கேள்வி.

அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவள், உன்னிடம் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாததைப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு முன் நீ கேட்டிருக்க வேண்டும். மன்னிப்பு கேட்டுக் கேட்டு இந்தக் கடிதமே தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

அன்று காலை நீ குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாய். உண்மைதான். அப்பா துடைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அவருடைய பெல்ட்டிலிருந்து ஒரு தோட்டாவை உருவினேன். உள்ளே போட்டு மூடும்போது வரும் அந்த 'டக்' சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். போட்டேன், மூடினேன், கேட்டேன். அம்மா தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டாள். சாத்தி வைத்துவிட்டு ஓடினேன். மறந்துபோனேன். நீ கண்ணாடி முன்னால் நின்று "காலிதான்கா" என்றபோதுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. வெடித்த பிறகுதான் வந்தது.

முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு காது போன பெண் என்று எல்லோரும் என்னைத் தாங்கினார்கள், சொல்ல வாய் வரவில்லை. உன்னை ஹாஸ்டலுக்கு அனுப்பியபோது நான் வாசல்வரை வந்து நின்றேன், அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்புறம் வருஷங்கள் போய்விட்டன. "காலி", "பார்த்தேன்" என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணில் விரலை விட்டு ஆட்டிச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று நினைத்தேன். தண்டனையை அனுபவித்தது நீ.

வாலு மேல் சந்தேகப்பட்டது உன்னை நினைத்து அல்ல தம்பி. அந்த வயதில் ஒரு தோட்டாவை எடுத்து வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அதனால் எந்தப் பெண்ணும் எடுப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வாலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பாகிட்ட யார் சொல்றது?" என்றாள். நான்தான் என்றேன். "போன்ல வேண்டாம். எழுதுங்க. எழுதறதை நான் பார்க்கணும்" என்றாள். இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதற்கு மேல் என்னிடம் ஒளித்தது எதுவும் இல்லை. காலி.

அக்கா


3 ஜூலை

அக்கா,

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். கையில் இருந்த வில்லையை வீணாக்கிவிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி நடந்ததில்லை.

உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு வராது. கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஹாஸ்டல், அப்பா சாகும்வரை என்னோடு பேசியதெல்லாம் இரண்டு வார்த்தைக்குள், அதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் கண்ணால் பார்த்ததை நானே நம்பாமல் ஆகிவிட்டேனே, அதற்கு என்ன சொல்லப்போகிறாய்? வெளிச்சம் தெரிந்ததா, தெரிந்த மாதிரி இருந்ததா என்று எத்தனை ஆயிரம் தடவை யோசித்திருப்பேன். அதனால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேனோ என்னவோ. அளவு பார்த்த பிறகும் இன்னொருவரிடம் காட்டிக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. உன் அட்டையையும் அப்படித்தான் காட்டினேன்.

வீட்டுக்காரியிடம் நேற்று முழுக் கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வாலு போன் செய்தாள். பஸ்ஸில் ஏறவில்லையாம். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதாம், ஜாக்கெட் கையை இந்தத் தடவை அவளே சுற்றிலும் தைத்துக்கொண்டாளாம். "அத்தை தட்டை எடுத்துட்டு என் ரூமுக்கு வந்து சாப்பிடறாங்கப்பா, நான் ஒண்ணும் பேசலை" என்றாள். அது உங்கள் இருவர் பாடு. நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் வருகிறேன். அட்டையைக் கொண்டுவருகிறேன், அது அவளுடையது. உன் வகுப்பை ஒரு தடவை பார்க்க வேண்டும். கடிதத்தின் கடைசியில் நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலை இப்போது காகிதத்தில் சொல்ல மாட்டேன். வந்து, உன் வலது பக்கம் நின்று, சொல்ல முடிந்தால் சொல்கிறேன். முடியாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன். உன் விதிப்படி அதுவரை நீ கையை எடுக்கக் கூடாது.

நேற்றுப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு நடந்த பிறகுதான் கவனித்தேன். பூட்டை ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போகலாமா என்று கொஞ்சம் நின்றேன். போகவில்லை.

தம்பி